விடை முந்தி, வினா பிந்தி: பெங்களூர்த் தமிழ் வகுப்பில் ஒப்படைப்பும் தேர்வும்

இலக்கிய வகுப்பில் வினா முதலில் எழ வேண்டும். விடை பின்னர்த் தேடப்பெற வேண்டும். இன்றைய பள்ளித் தமிழ்க் கல்வியில் இவ்வரிசை தலைகீழாகியுள்ளது. விடை முதலில் அச்சாகிறது. மாணவன் அதனை நெட்டுருச் செய்கிறான். அவ்விடைக்குப் பொருந்தும் வினா ஒன்று தேர்வு நாளன்று அவன் கைக்கு வந்து சேர்கிறது. இடையில் செய்யுள் என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாமற் போகிறது. தமிழ்நாட்டில் இந்நிலையைப் பற்றிப் பலர் வருந்தியுள்ளனர். தமிழ்நாட்டிற்கு வெளியே, குறிப்பாகப் பெங்களூரின் அல்சூர், ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் தமிழ் பயிலும் மாணவர் நிலையை வைத்து இச்சிக்கலை நோக்கியவர் சிலரே. அங்குத்தான் இது உயிர்ச்சிக்கலாக உள்ளது. சென்னை மாணவன் பள்ளியில் இழந்த தமிழைத் தெருவிலும் நூலகத்திலும் நாளிதழிலும் ஓரளவு மீட்டுக்கொள்வான். ஜோகுபாளையத்து மாணவனுக்குத் தமிழ் இலக்கியத்தைத் தமிழிலேயே படிக்கக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்த ஒரு பாடவேளைதான்.

தமிழ் மொழிப்பாடமாக நிற்கும் இடம்

பிரித்தானியப் படைத்தளம் 1809இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாறியது. படையினராகவும் வணிகராகவும் கட்டடத் தொழிலாளராகவும் வந்த தமிழர் தண்டுப்பகுதியைச் சுற்றிக் குடியேறினர். 1949இல் தண்டும் பேட்டையும் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூரில் இன்றும் இயங்கி வருகிறது. அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், அண்டை வீட்டில் உருது அல்லது தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் எனப் பல மொழிகளுக்கிடையே வளரும் மாணவர் இங்குள்ளனர்.

கர்நாடகத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல்மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு. மொத்த மதிப்பெண் 625. அதில் முதல்மொழிக்கு மட்டும் 125. எழுத்துத் தேர்வுக்கு 100, அகமதிப்பீட்டுக்கு 25. 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயமாக்கியது. ஆகவே தமிழை முதல்மொழியாகக் கொண்டவன் கன்னடத்தையும் முறையாகப் படிக்கிறான். அடுத்து வரும் பி.யூ.சி. வகுப்பில் இரண்டு மொழிப்பாடங்களுள் ஒன்றாகத் தமிழ் அமையலாம். 2023-24ஆம் கல்வியாண்டு முதல் அங்கு மொழிப்பாடத்திற்கு எழுத்துத் தேர்வில் 80, அகமதிப்பீட்டில் 20 என மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. இதே வகுப்பில் கலைப்பிரிவு மாணவனுக்கு 'ஐச்சிகக் கன்னடம்' என்னும் விருப்பப்பாடம் உண்டு. மொழிப்பாடத்திற்கு அப்பால் இலக்கியத்தை ஆழ்ந்து பயில அது வழிசெய்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில் 'சிறப்புத் தமிழ்' வகிக்கும் இடம் அது. கர்நாடகத் தமிழ் மாணவனுக்கு அத்தகைய விருப்பப்பாடம் இல்லை. எனவே அவனுக்கு மொழிப்பாடமே சிறப்புப் பாடமும் ஆகிறது. இவ்விரட்டைச் சுமையைச் சுமக்கும் வகுப்பில் ஒப்படைப்பும் தேர்வும் எவ்வாறு அமைகின்றன என்பது சிறிய கேள்வியன்று.

'மதிப்பெண் தரும் பாடம்' என்னும் கேடயம்

தமிழ் வகுப்பைக் காப்பாற்ற விரும்பும் ஆசிரியர் பலர் முன்வைக்கும் வாதம் ஒன்றுண்டு. 'தமிழ் எளிதாக மதிப்பெண் தரும் பாடமாக இருந்தால்தான் மாணவர் அதனை எடுப்பர். வினாவைக் கடினமாக்கினால் வகுப்பே காலியாகும்' என்பது அது. நல்லெண்ணத்தில் பிறந்த வாதம்தான். ஆயினும் தமிழ் வகுப்புக்கு இதனினும் கேடான வாதம் வேறில்லை.

மதிப்பெண்ணுக்காக ஒரு மொழியைத் தேர்ந்தவன் அம்மதிப்பெண்ணுக்காகவே அதனைக் கைவிடுவான். கர்நாடகத்தில் சமற்கிருதம் மதிப்பெண் குவிக்கும் பாடம் எனப் பெயர் பெற்றது. அதன் விடைகளைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதவும் பி.யூ.சி. தேர்வு இடமளிக்கிறது. விடையைத் தமிழிலேயே எழுதியாக வேண்டிய தமிழ்ப்பாடம் எளிமைப் போட்டியில் அதனை எவ்வாறு வெல்லும்? வெல்ல இயலாத பந்தயத்தில் தமிழைக் கட்டி இழுப்பதுதான் இவ்வாதத்தின் விளைவு. 'இப்பாடம் வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தருகிறது' என்று சொல்லும் துணிவு இருந்தால் மட்டுமே தமிழ் வகுப்பு நிலைக்கும். அப்படிச் சொல்வதற்கு வகுப்பில் அத்தகைய ஒன்று இருக்கவும் வேண்டும்.

ஏழை மாணவரை முன்னிறுத்தும் எதிர்வாதமும் உண்டு. கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் குறிப்பேடுதான் துணை. அதனைப் பறிப்பது அவர்களை வஞ்சிப்பதாகும் என்பர். இதனைப் புறந்தள்ள இயலாது. ஆனால் அனைவரும் அதே விடையை எழுதித் தொண்ணூறு விழுக்காடு பெறும் தேர்வில் ஏழை மாணவன் பெறும் தொண்ணூறுக்கு என்ன மதிப்பு? வேலைக்கான தேர்விலும் நேர்முகத்திலும் அவனுக்கு முன்பின் அறியாத பத்தி ஒன்று தரப்படுகிறது. அதனைப் படித்துத் தன் சொற்களில் எழுதுமாறு கேட்கப்படுகிறது. வசதியுள்ளவன் அப்பயிற்சியைக் கட்டணம் செலுத்திப் பெறுவான். ஏழை மாணவனுக்கு அதனைக் கட்டணமின்றி வழங்கக்கூடிய இடம் மொழி வகுப்பு ஒன்றே. அங்கும் அது மறுக்கப்படுகிறது.

நயம் என்னும் அச்சு

தமிழ்நாட்டுத் தேர்வுகளில் நெடுங்காலமாக நிலைத்துள்ள 'நலம் பாராட்டல்' வினாவை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். செய்யுள் ஒன்றைத் தந்து அதன் நயங்களை எழுதச் சொல்லும் இவ்வினா, அமைப்பில் மிகச் சிறந்தது. மாணவன் முன்பு காணாத பாடலையும் இதில் தரலாம். ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாது? திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை எனத் துணைத் தலைப்புகள் முன்னரே தயாராக உள்ளன. மோனை என்றதும் காட்டுக்கு யானையையும் பாட்டுக்கு மோனையையும் இணைக்கும் தொடர் வந்து விழுகிறது; எதுகைக்கு வைகை வருகிறது. பிறகு பாடலிலிருந்து இரு சொற்களைப் பெயர்த்து எழுதினால் மதிப்பெண் உறுதி. ஒப்பாரியாயினும் தாலாட்டாயினும் விடையின் உடல் ஒன்றே. இப்பாடலில் எதுகை ஏன் இங்கு வந்தது, வாராதிருந்தால் எது குறைந்திருக்கும் என்று எவரும் வினவுவதில்லை. நயம் காணும் பயிற்சிக்கென்று அமைந்த வினாவே நயத்தைக் காணாமலிருக்கப் பழக்குகிறது.

மாணவனைக் குறை கூறிப் பயனில்லை. அவன் விடைக்குறிப்பைச் சரியாகப் படித்திருக்கிறான். திருத்துவோர் கையில் தரப்படும் அக்குறிப்பு தலைப்புகளை எண்ணுகிறது. தலைப்புக்கு இவ்வளவு என மதிப்பெண் பிரிக்கிறது. கட்டுக்கட்டாக விடைத்தாள்களைக் குறித்த நேரத்திற்குள் திருத்த வேண்டிய ஆசிரியருக்கு எண்ணுவது எளிது, படிப்பது அரிது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் ஏதேனும் ஒரு பாடலைத் தந்தால், இத்துணைத் தலைப்புகளின்கீழ் நொடியில் நலம் பாராட்டி விடும். வீட்டில் எழுதி வரும் ஒப்படைப்புகளுக்கு இதனால் ஆபத்து என்று ஆசிரியர்கள் அஞ்சுகின்றனர். மாணவர் பல ஆண்டுகளாக எந்திரம் போல எழுதியபோது அவ்வச்சம் தோன்றவில்லை என்பதே வியப்பு.

உரைநூல் வேறு, உரை வேறு

இவ்விடத்தில் தேர்வையே பழிக்கும் போக்கிலிருந்து விலகி நிற்பது நன்று. தேர்வு தமிழுக்குச் செய்த நன்மையும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் தேர்வுகளுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் தேவைப்பட்டன. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் எச். பவர் என்னும் கிறித்தவப் போதகர் 1868இல் அச்சிட்டார். உ.வே. சாமிநாதையரின் முழுப் பதிப்பு 1887இல் வெளிவருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, மாணவர் கையில் அக்காப்பியத்தின் ஒரு பகுதி இருந்தது. அங்குத் தேர்வு ஏட்டிலிருந்த நூலை வெளிச்சத்திற்கு இழுத்து வந்தது. இன்றைய தேர்வோ அச்சிலிருக்கும் நூலைக் குறிப்பேட்டின் அடியில் புதைக்கிறது.

மனப்பாடத்தைப் பழிப்பதும் பொருந்தாது. செய்யுளை நெட்டுருச் செய்வது வேறு. செய்யுளைப் பற்றிய கருத்தை நெட்டுருச் செய்வது வேறு. முன்னது செவியில் ஓசையை விதைக்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் ஓர் அடி நினைவுக்கு வந்து புதுப்பொருள் தரக்கூடும். பின்னது தேர்வுக்கு மறுநாளே உதிர்ந்துவிடும். இன்றைய வினாத்தாளில் அடிபிறழாமல் எழுதும் பகுதிக்குச் சில மதிப்பெண்களே. கருத்தை ஒப்பிப்பதற்கோ பெரும்பகுதி.

'உரையை வைத்துப் படிப்பது தமிழ் மரபுதானே' என்று குறிப்பேட்டுக்கு ஆதரவாகச் சிலர் வாதிடுவதுண்டு. கோனார் உரை என்னும் பெயரே அம்மயக்கத்திற்கு இடம் தருகிறது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனாரின் தமிழ்ப் புலமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. இங்குப் பேசப்படுவது அவர் பெயரால் வளர்ந்த ஒரு வகைமை. தமிழ் உரைமரபின் உயிர் மறுப்பில் உள்ளது. இளம்பூரணர் கொண்ட பொருளைச் சேனாவரையர் மறுப்பார். பரிமேலழகர் தமக்கு முன்னிருந்தோர் கொண்ட பாடத்தையும் பொருளையும் சுட்டி, அவை ஏன் பொருந்தா என்று காரணம் காட்டுவார். மணக்குடவரும் பரிமேலழகரும் குறள்களின் வைப்பு முறையிலேயே வேறுபடுவர். ஒரு குறளுக்கு இரு பொருள் இயலும் என்பதும், அவற்றுள் ஒன்றைத் தேர்வோன் காரணம் கூறக் கடமைப்பட்டவன் என்பதும் அவ்வுரைகளின் அடிப்படை. குறிப்பேட்டில் முதலில் நீக்கப்படுவது அந்த வேறுபாடுதான். ஒரு பாடலுக்கு ஒரு பொருள். அதற்கு ஐந்து வரி. நச்சினார்க்கினியர் இன்றைய விடைத்தாளில் எழுதினால், விடைக்குறிப்பில் இல்லாததை எழுதியதாக மதிப்பெண் இழப்பார் என்பது மிகைக் கூற்றன்று.

நன்னூலார் வகுத்த பங்கீடு

பி.யூ.சி. அகமதிப்பீட்டின் 20 மதிப்பெண்ணில் தேர்வுகளோடு செயல்திட்டத்திற்கும் ஒப்படைப்புக்கும் இடம் தரப்பட்டுள்ளது. பத்தாம் வகுப்பிலும் 25 மதிப்பெண் பள்ளியின் கையில் உள்ளது. வாரியம் கேளாத வினாவைக் கேட்க ஆசிரியருக்குக் கிடைத்துள்ள உரிமை இது. அவ்வுரிமையின் பயன் என்னவாயிற்று? கவிஞரின் படத்தை ஒட்டி, வண்ண மையால் எல்லையிட்டு, பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் எழுதிய வரைதாள் கட்டு ஒன்று ஆசிரியரை அடைகிறது. அலங்காரத்திற்கு மதிப்பெண் இடப்படுகிறது. பெரும்பாலும் அனைவருக்கும் முழு மதிப்பெண்.

பவணந்தி முனிவர் நன்னூல் பொதுப்பாயிரத்தில் கற்றலுக்கு ஒரு கணக்கு வகுத்துள்ளார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. மதிப்பெண்ணாக்கினால் 25, 25, 50. இன்றைய வகுப்பு முதற் காற்பங்கையே முழுமை எனக் கொண்டு, அதிலும் ஆசிரியர் உரைத்ததை விடுத்துக் குறிப்பேடு உரைத்ததைக் கேட்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூல் வகுத்த பங்கீட்டை இன்றைய அகமதிப்பீட்டில் நடைமுறைப்படுத்தப் புதிய அரசாணை ஏதும் வேண்டியதில்லை. மாணவன் எழுதி வந்ததை வகுப்பின்முன் எடுத்துரைக்கட்டும், பிறர் வினவட்டும், மறுமொழிக்குப் பாதி மதிப்பெண் தரப்படட்டும். கடன் வாங்கிய கட்டுரை மூன்றாவது வினாவில் வெளுத்துவிடும்.

ஜோகுபாளையத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

எல்லைப்புற மாணவனைக் குறையுடையவனாகவே கருதிப் பழகிய கல்வியாளர் ஒன்றை மறந்தனர். சென்னை மாணவனுக்கு இல்லாத வளங்கள் இவனுக்கு உண்டு. அவற்றுள் முதலாவது இவனுடைய கன்னடம்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. 1991இல் நிறுவப்பட்டும் எதிர்ப்பால் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி, கர்நாடக முதல்வர் பி.எஸ். எடியூரப்பா முன்னிலையில் அதனைத் திறந்து வைத்தார். நான்கு நாள்களுக்குப் பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அரசியலார் இவ்விருவரையும் இணையாக வைத்தனர்; இலக்கிய வகுப்பு இன்றும் அதனை ஒரு பொதுஅறிவுச் செய்தியாகவே கொள்கிறது. 'இவ்விணை பொருந்துமா?' என்பது மேல்நிலை மாணவனுக்கு உரிய வினா. குறள் ஏழு சீரில் ஈரடியில் முடிகிறது; சர்வக்ஞரின் வசனம் மூவடித் திரிபதி. சர்வக்ஞர் பாடலில் தம் பெயரைப் பதிக்கிறார். வள்ளுவர் எங்கும் தம்மைச் சொல்வதில்லை. பெயர் பதித்த அறிவுரையும் பெயரற்ற அறிவுரையும் கேட்போனிடம் ஒரே குரலில் ஒலிக்குமா? இரு மொழியும் அறிந்த பதினாறு வயது மாணவன் இதற்கு இரண்டு பக்கம் எழுத முடியும். அவ்விரண்டு பக்கங்களுக்கு எந்தக் குறிப்பேட்டிலும் இடமில்லை.

இன்னும் நுட்பமான ஒப்படைப்பும் இயலும். திருக்குறளுக்குக் கன்னட மொழிபெயர்ப்புகள் பல உள. உரையாசிரியர் மாறுபடும் ஒரு குறளை எடுத்துக்கொண்டு, மணக்குடவர் உரை, பரிமேலழகர் உரை, கன்னடப் பெயர்ப்பு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, மொழிபெயர்ப்பாளர் எவ்வுரையைத் தழுவினார் என்று கண்டறியச் சொல்லலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டில் செய்யத்தக்க பணி இது என்று சிலர் நகைக்கக்கூடும். (ஆய்வேடுகளில் இது எத்துணை நிகழ்கிறது என்பது வேறு கேள்வி.) ஒரு குறள் அளவில் இது பள்ளி மாணவனுக்கும் இயலும், ஏனெனில் இதற்குத் தேவையானவை இரு மொழியறிவும் கவனமும் மட்டுமே. கன்னடப் புனைகதைகளைத் தமிழுக்குக் கொணர்ந்தவரும், பைரப்பாவின் 'பருவம்' மொழிபெயர்ப்புக்காக 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவருமான பாவண்ணன் வாழும் நகரம் பெங்களூர். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து கன்னடச் சிறுகதைக்குத் தந்தை எனப் போற்றப்பட்ட மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் நகரமும் அதுவே. இந்நகரத்துத் தமிழ் மாணவனின் ஒப்படைப்பில் மொழிபெயர்ப்பு ஒரு சொல்லாகக்கூட இடம்பெறாதது விந்தை.

ஜோகுபாளையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயில் உள்ளது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் எனவும் குறிப்பவை. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் அவற்றின் பாடம் அச்சாகியுள்ளது. ஒரு சனிக்கிழமை வகுப்பைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, அச்சிட்ட பாடத்தையும் கல்லையும் ஒப்பிட்டுப் பத்துச் சொற்களின் பொருளைத் தேடி வரச் சொன்னால் அது இலக்கிய ஒப்படைப்பன்றோ? 'தமிழர் எப்போது இங்கு வந்தனர்' என்னும் அரசியற் சொற்போருக்கு அம்மாணவன் அதனைப் படைக்கலமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே மண்ணில் இரு மொழியும் கல்லில் எழுதப்பட்டன என்று கண்ணால் கண்டால் போதும்.

தேர்வுத்தாளில் ஒரு வினா

ஒப்படைப்பு மாறினாலும் தேர்வு மாறாதிருந்தால் பயனில்லை. மாணவன் தேர்வை நோக்கியே நடப்பான். கர்நாடகத்தில் 2023-24இல் ஆண்டுக்கு மூன்று பொதுத்தேர்வுகள் என்னும் முறை கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் 2018-19இல் மேல்நிலை மொழித்தாள்கள் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. ஒரு மாநிலம் தேர்வைப் பெருக்கியது. மற்றொன்று தாளைக் குறைத்தது. வினாவின் இயல்பை இரண்டும் தொடவில்லை.

தாள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று இங்குக் கோரப்படவில்லை. பாடநூலில் இல்லாத சிறுபாடல் ஒன்று; அதற்கு இரு வேறு பொருள்கோள்கள், ஒவ்வொன்றும் மூன்று வரியில்; இரண்டுள் எது பாடலுக்கு நெருக்கமானது, பாடலின் எச்சொல் அதற்குச் சான்று? பத்து மதிப்பெண். விடைக்குறிப்பில் 'இன்ன விடை' என்று எழுதலாகாது. 'காட்டிய சொல் பாடலில் உள்ளதா, காரணம் அச்சொல்லிலிருந்து பிறக்கிறதா' என்ற இரு அளவுகோல்கள் மட்டும் போதும். இதனை அமைப்பது அரிதன்று. திருத்துவதுதான் கடினம் என்பர். தமிழ்த் தாளைத் திருத்தும் ஆசிரியர் அனைவரும் தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றோர். ஒரு பத்திக்குப் பத்து நிமிடம் செலவிட்டுப் படிக்கும் பயிற்சி அவர்களுக்கு இல்லையெனில், அக்குறை பள்ளியினுடையதன்று. அப்பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள், தம் முதுகலைத் தேர்வில் இவ்வகை வினா ஒன்றேனும் உள்ளதா என்று கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களை எடுத்துப் பார்க்க வேண்டும்.